மலை வளைந்த கதை

மேற்கே நங்க பர்வதம் முதல் கிழக்கே நம்சா பர்வா வரை ஏறத்தாழ 2400 கிலோமீட்டர் நீளும் இமயம் நேர்கோடாக இல்லை. தெற்கு நோக்கிப் புடைத்த வில்லாகக் கிடக்கிறது. இந்திய நிலத்தட்டு ஆசியாவை முட்டியதால் மலை எழுந்தது என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். முட்டினால் உயரும், சரி. ஏன் வளைய வேண்டும்? இக்கேள்வியைத் தீவிரமாக எழுப்பிய இருவர், தட்டுக் கொள்கை உருவாகும் முன்பே எழுதியவர்கள். புவியைப் பற்றி நேரெதிரான இரண்டு பிழைகளை நம்பியவர்களும்கூட.

முதலாமவர் வியன்னாவின் எடுவர்ட் சூயஸ் (1831–1914). கோண்டுவானா, டெதிஸ் என்று நாம் இன்றும் வழங்கும் பெயர்கள் அவர் இட்டவை. ஆல்ப்ஸ் மலையூற்று நீரை வியன்னா நகருக்குக் கொண்டுவந்த திட்டத்தின் பின்னால் நின்றவரும் அவரே. 1873இல் அந்நீர் நகரை அடைந்தது. 1883 தொடங்கி 1909 வரை வெளிவந்த 'புவியின் முகம்' என்ற பெருநூலில் கார்பேத்தியன், இமயம், பர்மிய மலைகள், கிழக்காசியத் தீவு வரிசைகள் எல்லாவற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தார். வளைவு விதிவிலக்கன்று, மலைத்தொடர்களின் இயல்பான வடிவமே அதுதான் என்று கண்டது அவருடைய பெரிய சாதனை. அதற்கு அவர் சொன்ன காரணமோ, குளிர்ந்து சுருங்கும் புவி. உலரும் பழத்தின் தோல்போல மேலோடு மடிகிறது என்றும், ஆசியா தெற்கு நோக்கித் தள்ளப்பட்டுப் பழைய உறுதியான நிலங்களில் மோதி வளைகிறது என்றும் நம்பினார். 1922இல் பிரஸ்ஸல்ஸ் நிலவியல் மாநாட்டில் சுவிட்சர்லாந்தின் எமில் அர்கான் இதைத் திருப்பிப்போட்டார்: நகர்ந்தது இந்தியா, அது ஆசியாவின் அடியில் நுழைகிறது.

இரண்டாமவர் டாஸ்மேனியாவின் வாரன் கேரி. 1955இல் அவர் ஒரு புதிய சொல்லை உருவாக்கினார்: ஓரோக்ளைன். கிரேக்கத்தில் மலை, வளைவு என்ற இரண்டின் சேர்க்கை அது. பல மலைகள் நேராகப் பிறந்து பின்னர் வளைக்கப்பட்டவை. அவ்வளைவுகளை நிலப்படத்தில் நிமிர்த்தினால் கண்டங்களின் பழைய இருப்பிடங்கள் தாமே புலப்படும் என்பது அவர் வாதம். ஸ்பெயினை ஏறத்தாழ 35 பாகை திருப்பி வைத்து, பிஸ்கே விரிகுடாவை மூடிக் காட்டினார். கண்டங்கள் நகர்வதையே பெரும்பாலோர் ஏற்காத காலம் அது. தட்டுக் கொள்கை வெற்றிபெற்றபோது கேரி அதன் பக்கம் நிற்கவுமில்லை. புவி ஊதிப் பெருத்துக்கொண்டே போகிறது என்ற கொள்கையை 2002இல் மறையும்வரை விடாமல் பேசினார். ஒருவருக்குச் சுருங்கும் உலகம், மற்றவருக்கு விரியும் உலகம். இவ்வாறிருக்க, கேரியின் வளைவுகள் கேரியின் உலகத்தோடு சேர்ந்து தள்ளுபடியாகியிருக்கலாம். அவற்றைக் காப்பாற்றியவை பாறைகள்.

எரிமலைக் குழம்பு உறையும்போது அதிலுள்ள இரும்புத் தாதுக்கள் அன்றைய காந்த வடதிசையைக் காட்டியபடி உறைந்துவிடுகின்றன. படிவுப் பாறைகளிலும் இத்தகைய பதிவு உண்டு. மலை பிறவியிலேயே வளைந்திருந்தால் வில்லின் இரு கைகளிலும் இந்த முட்கள் ஒரே திசையைக் காட்டும். பின்னர் வளைக்கப்பட்டிருந்தால், கைகளோடு சேர்ந்து முட்களும் திரும்பியிருக்கும். ஸ்பெயினின் பாறைகள் திரும்பியிருந்தன, கேரி சொன்னபடியே. பொலிவியாவுக்கு அருகே ஆண்டிஸ் மடங்கும் இடத்தில் பெரு நாட்டுக் கை இடஞ்சுழியாகவும் வடசிலிக் கை வலஞ்சுழியாகவும் திரும்பியிருக்கின்றன. வடமேற்கு ஸ்பெயினின் காந்தாப்ரிய வளைவோ ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் மடக்கப்பட்ட பழைய மலை.

எல்லா வளைவும் பின்னர் வந்ததன்று. இயற்பியலாளர் சார்லஸ் ஃபிராங்க் 1968இல் ஓர் எளிய உவமை தந்தார்: பிங்பாங் பந்தை விரலால் அழுத்தினால் குழியின் விளிம்பு வட்டமாகத்தான் அமையும். கோளத்தின் ஓடு உள்ளே மடங்கும்போது வளைவு வடிவக் கணிதத்திலேயே இருக்கிறது. தீவு வரிசைகளுக்காகச் சொன்னது; எல்லாவற்றுக்கும் பொருந்தவில்லை என்றாலும் அழகான கருத்து.

இமயத்தின் வில்லில் பிறவி எவ்வளவு, பிற்சேர்க்கை எவ்வளவு என்ற வாதம் முடியவில்லை. வளைவு இன்றும் வேலை செய்கிறது என்பதில் மட்டும் ஐயமில்லை. இந்தியா ஆண்டுக்கு 4 சென்டிமீட்டர் அளவில் வடக்கே நகர்கிறது. அதில் ஏறத்தாழ பாதியை இமயம் தாங்குகிறது. நிலநடுக்கங்களில் மலை வழுக்கும் திசையோ எங்கும் ஒன்றாக இல்லை. அந்தந்த இடத்தில் வில்லுக்குச் செங்குத்தாக, வெளிநோக்கி அமைகிறது. அப்படி விரியும் வில்லின் பின்புறம் கிழக்கு மேற்காக இழுபட வேண்டும். தென்திபெத்தை வடக்குத் தெற்காகப் பிளந்து கிடக்கும் பள்ளங்களுக்கு இது ஒரு விளக்கம். காளி கண்டகி பாயும் நேபாளத்தின் தக்கோலாப் பள்ளம் அவ்வகைதான். 2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவில் நேபாளம் நடுங்கி ஒன்பதாயிரத்தை நெருங்கும் உயிர்கள் போனபோதும் மலை வழுக்கியது தென் தென்மேற்காகவே. காத்மாண்டு நகரம் சில நொடிகளில் ஒரு மீட்டருக்கும் மேல் தெற்கே வந்துவிட்டிருந்தது.