வேலைக்கு வாராமை குற்றமாயிருந்த காலம்

சிறு குற்றம் எது என்பதைச் செயலின் அளவு மட்டும் முடிவு செய்வதில்லை. செய்தவர் யார், யாருக்கு எதிராகச் செய்தார் என்பவையும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. மலாயாவுக்கு வந்த தமிழ்த் தொழிலாளரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

மெக்காலேயின் தலைமையில் 1837ஆம் ஆண்டு வரையப்பெற்ற தண்டனைச் சட்டத் தொகுப்பு, 1860ஆம் ஆண்டு இந்தியாவில் சட்டமாயிற்று. நீரிணைக் குடியேற்றங்கள் 1867ஆம் ஆண்டு இந்திய ஆட்சியினின்று பிரிந்தன. எனினும், அதனை அடியொற்றிய தண்டனைச் சட்டமே 1871ஆம் ஆண்டு இங்கு இயற்றப்பெற்று, மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது.

அத்தொகுப்பின் 95ஆம் பிரிவு குறிப்பிடத்தக்கது. இயல்பான அறிவும் மனப்பாங்கும் உடைய எவரும் முறையிட நினையாத அளவுக்குத் தீங்கு அற்பமானதாயின், அச்செயல் குற்றமாகாது என அது கூறுகிறது. சிறியதைப் பெரிதாக்கித் தண்டித்தல் நீதியன்று என்னும் தெளிவு அதில் உண்டு.

ஆயின், அதே இந்தியத் தொகுப்பின் 492ஆம் பிரிவு வேறொரு முகத்தைக் காட்டியது. முதலாளியின் செலவில் தொலைவிடத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட தொழிலாளி, எழுத்து ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டு நீங்கினால், ஒரு மாதம் வரை சிறை விதிக்கலாம். அல்லது வழிச்செலவின் இரு மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். கடன்பட்டவனின் ஒப்பந்த மீறலை உரிமையியல் வழக்காகக் கருதிய சட்டம், கூலியாளின் மீறலைக் குற்றமாக்கியது.

கடல் கடந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளரின் நிலையும் இதுவே. வெல்லெஸ்லி மாகாணத்துக் கரும்புத் தோட்டங்கள் முதலியவற்றில், வேலைக்கு வாராமையும் தோட்டத்தை விட்டு ஓடுதலும் தண்டனைக்குரியனவாயின. உடல் நலிவும், ஊர் நினைவும், தண்டலின் கொடுமையும் ஓடுதற்குக் காரணமாயிருக்கலாம். நீதிமன்றம் முதலில் நோக்கியது கைந்நாட்டு வைத்த ஒப்பந்தத்தையே. இங்கிலாந்தில் இத்தகைய மீறலுக்குச் சிறையிடும் வழக்கம் 1875ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது. தன் நாட்டுத் தொழிலாளிக்கு அநீதி என்று உணரப்பட்டது, குடியேற்ற நாட்டுத் தொழிலாளிக்கு அதன் பின்னரும் பல்லாண்டுகள் நீதியாகவே நீடித்தது.

மாற்றம் மெல்ல வந்தது. மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளைச் சேர்க்கும் முறை 1910ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது. கங்காணி முறை மேலோங்கியது. இந்தியத் தேசியத் தலைவர்களின் எதிர்ப்பும் 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டமும் நெருக்கவே, வேலை ஒப்பந்த மீறலுக்குரிய குற்றத் தண்டனைகள் 1920களில் இங்குக் களையப்பட்டன. இந்தியாவிலும் 492ஆம் பிரிவு 1925ஆம் ஆண்டின் சட்டத்தால் நீங்கியது.

95ஆம் பிரிவோ இன்றும் மலேசிய, சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டங்களில் நிலைபெற்றுள்ளது. இரண்டு பிரிவுகளும் ஒரே தொகுப்பில் பிறந்தவை. ஒன்று மறைந்தது, ஒன்று நின்றது.

தமிழில் தவறு, பிழை, குற்றம் எனப் பல சொற்கள் உள்ளன. வேலைக்கு வாராமையை ஊரார் தவறு என்று சொல்லியிருப்பர். சட்டம் அதனைக் குற்றம் என்றது. அந்த ஒரு சொல்லின் வேறுபாட்டில் ஒரு மனிதனின் சிறைவாசம் அடங்கியிருந்தது. எதனைக் குற்றமென்று பெயரிடுகிறோம் என்பதில் ஒரு சமுதாயத்தின் அறம் வெளிப்படுகிறது.