முதற்பக்கத்தின் வரலாறு

மாங்குளத்துச் சந்தியில் சிறிது நேரம் நின்று நோக்குபவர்க்கு ஓர் உண்மை எளிதில் புலனாகும். கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ-9 நெடுஞ்சாலையிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரியும் இடம் இது. இங்குள்ள தேநீர்க் கடையும் பலசரக்குக் கடையும் வாழ்வதும் தாழ்வதும் கடைக்காரரின் உழைப்பை மட்டும் பொறுத்தனவல்ல, வீதியைப் பொறுத்தன. 1905ஆம் ஆண்டில் வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமையுற்றபோது வன்னிக் காட்டின் நடுவே மனிதர் இறங்கி ஏறும் நிலையமாக இவ்வூர் நிலைபெற்றது. 1990இல் புகையிரதம் நின்றது. 2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட, வாகனங்கள் வரிசை வரிசையாக வந்தன. 2006 ஓகஸ்டில் முகமாலையில் பாதை அடைபட, ஊடு செல்லும் பயணிகள் அற்றுப்போயினர். போரின் இறுதிக் காலத்தில் கடை மட்டுமன்று, ஊரே பெயர்ந்தது. 2013இல்தான் இத்தண்டவாளத்தின் மீது கிளிநொச்சிக்கு மீண்டும் புகையிரதம் ஓடிற்று. இத்தனை மாற்றத்திலும் தேநீரின் சுவை மாறவில்லை. அதை ஆற்றிய கையும் மாறவில்லை. மாறியது பாதை. அதனை மாற்றியோர் அக்கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டாரல்லர்.

இன்று அறிவுலகத்துக்கும் இத்தகைய நெடுஞ்சாலை ஒன்று உண்டு. தேடுபொறி என்பது அதன் பெயர். ஓர் இணையத்தளத்தை எத்தனை பேர் காண்பர் என்பதை அத்தளத்தின் தரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. தேடுவோர்முன் விரியும் முதற்பக்கத்தில் அதற்கு இடம் உண்டா என்பதே பெரிதும் தீர்மானிக்கின்றது. அவ்விடத்தை வழங்குவது அல்கோரிதம் எனப்படும் கணக்கு விதி. அவ்விதி அடிக்கடி திருத்தப்படுகிறது. ஒவ்வொரு பெருந்திருத்தத்தின் பின்னும் சில தளங்கள் உயர்கின்றன. சில ஒரே வாரத்தில் ஆளரவமற்றுப் போகின்றன. இவ்விதியின் வரலாற்றை ஆராய்வது தொழில்நுட்பம் கற்றோரின் வேலை என்று நாம் வாளாவிருத்தல் தகாது. ஏனெனில் எமது மொழியின் நினைவும் இப்போது அவ்வீதியோரத்திலேயே கடை விரித்திருக்கின்றது.

தொடக்கத்தில் இத்தகைய விதி இருக்கவில்லை. 1994இல் தோன்றிய யாகூ, நூலகர் நூற்பட்டியல் தயாரிப்பதைப் போல, மனிதர் இருந்து தொகுத்த விபரக்கொத்தாகவே இருந்தது. இணையம் பெருகவே மனிதக் கை ஈடுகொடுக்க இயலவில்லை. 1995இன் இறுதியில் வந்த அல்டாவிஸ்டா, பக்கங்களைப் பொறியைக் கொண்டே படித்துச் சொற்களை அட்டவணைப்படுத்தியது. ஒரு சொல் எங்கே எவ்வாறு வருகின்றது என்பது அளவுகோலாயிற்று. அளவுகோல் தெரிந்தவுடன் ஏமாற்றும் தெரிந்துவிட்டது. ஒரே சொல்லை நூறு முறை எழுதி, வாசகர் கண்ணுக்குத் தெரியாதவாறு வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக மறைத்து வைத்தோர் பலர்.

1998இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்து ஆய்வு மாணாக்கரான லாரி பேஜ், செர்ஜி பிரின் என்னும் இருவர் வேறொரு வழி கண்டனர். ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் இணைப்புக் கொடுத்துச் சுட்டுகின்றன, சுட்டுபவை எத்தகு மதிப்புடையவை என்று கணக்கிட்டனர். கற்றோர் பலர் மேற்கோள் காட்டும் நூலே சிறந்த நூல் என்னும் கல்வியுலக வழக்கத்தைக் கணக்காக்கியதே இவ்விதி. கூகிள் நிறுவனம் இதன்மேல் எழுந்தது.

இவ்விதி அழகியது, ஆனால் நீதியானதா? தமிழ் கற்ற நாம் இதற்கு விடை அறிவோம். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் வினவும்வரை, உ. வே. சாமிநாதையரே சீவக சிந்தாமணியைக் கற்றிருக்கவில்லை. 1887இல் அந்நூல் அச்சேறிற்று. அதே ஆண்டில் எமது சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை வெளியிட்டார். 1894இல் புறநானூறு வந்தது. அதற்குமுன் பெரும்பாலோர் படித்தவையும் மேற்கோள் காட்டியவையும் பிற்காலத்து அந்தாதிகளும் புராணங்களுமே. எத்தனை பேர் சுட்டினர் என்பதை மட்டுமே கொண்டு அன்று வரிசையிட்டிருப்பின், புறநானூறு கடைசிப் பக்கத்திற்கும் அப்பால் கிடந்திருக்கும். பலரால் சுட்டப்படுதல் புகழுக்கு அளவுகோல், உண்மைக்கு அன்று.

இவ்வரிசையில் நிற்பதற்கே தமிழ் நெடுங்காலம் தகுதி பெறாதிருந்தது. யுனிகோட் என்னும் உலகப் பொதுக் குறியேற்றத்தில் 1991லேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. எனினும் நடைமுறையில் ஆளுக்கொரு எழுத்துருவாக ஆண்டு வந்தோம். ஈழத்தில் பெரிதும் பயின்ற பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் எழுதியது மனிதக் கண்ணுக்குத் தமிழ். கணினியின் நினைவிலோ அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் கோவை. தேடுபொறி அதைத் தமிழென்று அறிவதெங்ஙனம்? 2008இல் இலங்கை, தமிழ்க் குறியேற்றத்துக்கு எஸ்.எல்.எஸ். 1326 என்னும் தரநிர்ணயத்தை வகுத்தது. 2010இல் தமிழ்நாட்டரசும் யுனிகோட்டை ஏற்றது. ஆயினும் பாடசாலை வினாத்தாளை இன்றும் பாமினியில் தட்டச்சிடும் ஆசிரியர் எம்மிடையே உளர். நாமும் சில ஆண்டுகளுக்கு முன்வரை அவருள் ஒருவரே.

பூட்டிக் கிடந்த வாசலை முதலில் திறந்தோர் ஊதியம் கருதாத தொண்டர்கள். 1998இல் மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்வடிவாக்கத் தொடங்கிற்று. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா பிறந்தது. யாழ்ப்பாண நூலகம் எரிந்த 1981ஆம் ஆண்டின் வடுவை மறவாத தலைமுறை, 2005இல் நூலகம் என்னும் மின்னூலகத்தைத் தொடங்கி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படம் பிடித்துப் பாதுகாத்து வருகின்றது. ஆனால் படமாக உள்ள பக்கத்தின் உட்பொருளைத் தேடுபொறி எளிதில் கற்பதில்லை. தலைப்பையும் நூற்பட்டியலையுமே நம்பி நிற்கின்றது.

இனித் திருத்தங்களின் கதைக்கு வருவோம். 2003 நவம்பரில் ஒரு பெருந்திருத்தம் வந்தது. அத்தொழிலினர் அதனைப் 'புளோரிடா' என்றழைத்தனர். நத்தார் வியாபாரத்துக்குச் சில வாரங்களே இருந்த வேளையில், சிறு வணிகர் பலர் முதற்பக்கத்திலிருந்து மறைந்தனர். 2011 பெப்ரவரியில் வந்த திருத்தம், கூகிளின் பொறியியலாளர் ஒருவர் பெயரால் 'பாண்டா' எனப்பட்டது. அமெரிக்காவின் தேடல்களில் 11.8 வீதத்தை அது பாதித்ததென அந்நிறுவனமே அறிவித்தது. 2012 ஏப்ரலில் வந்த 'பெங்குவின்', காசு கொடுத்து இணைப்பு வாங்கியோரைத் தண்டித்தது.

இவற்றை வெறுங் கொடுமையென்று சொல்லின் நாம் நேர்மையற்றவராவோம். விளம்பரக் காசுக்காக வெற்றுக் கட்டுரைகளை ஆலைச் சரக்குப்போல் உற்பத்தி செய்தோர் அன்று மலிந்திருந்தனர். அப்பதர்களைத் தூற்ற முறம் வேண்டியிருந்தது. தமிழுக்கு நன்மை செய்த திருத்தமும் உண்டு. வீடு, வீட்டை, வீட்டிலிருந்து, வீட்டாரோடு என ஒரு சொல் பலவாறு உருமாறும் மொழி எமது. சொல்லுக்குச் சொல் ஒட்டிப் பார்க்கும் பொறிக்கு இவை நான்கும் நான்கு சொற்கள். சொற்றொடரின் பொருளை நோக்க முயலும் 'பேர்ட்' என்னும் முறை 2019 டிசம்பரில் எழுபதுக்கு மேற்பட்ட மொழிகளுக்கு விரிந்தபோது தமிழும் அவற்றுள் ஒன்றாயிற்று.

அவ்வாறாயின் எமது முறைப்பாடு யாது? முறத்தைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்பதும், பதரோடு போன நெல்மணி யாரிடம் சென்று வழக்குரைப்பது என்பதுமே.

இங்கிலாந்தில் ஒரு தம்பதியர் பொருள்களின் விலையை ஒப்பிட்டுக் காட்டும் 'ஃபவுண்டெம்' என்னும் தளத்தை நடத்தினர். 2006இல் அது கூகிளின் வரிசையில் கீழே தள்ளப்பட்டது. 2009இல் அவர்கள் ஐரோப்பிய ஆணைக்குழுவிடம் முறையிட்டனர். கூகிள் தன் சொந்த விலையொப்பீட்டுச் சேவையை முன்னிறுத்திப் போட்டியாளரைப் பின்தள்ளியதென்று 2017இல் ஆணைக்குழு 242 கோடி யூரோ தண்டம் விதித்தது. அத்தீர்ப்பு இறுதியாக உறுதிப்பட்டது 2024 செப்டெம்பரில். தளம் தள்ளப்பட்டுப் பதினெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. அத்தளமோ அதற்குப் பல்லாண்டுகள் முன்பே மூடப்பட்டுவிட்டது.

எமது மொழி வழங்கும் நிலத்திலும் ஒரு வழக்கு உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் மேட்ரிமோனி நிறுவனம் 2012இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் சென்றது. தன் பெயரைத் தேடுவோர்க்குப் போட்டியாளரின் விளம்பரம் காட்டப்படுகின்றது என்பது அதன் குறைகளுள் ஒன்று. குற்றச்சாட்டுகள் யாவும் ஏற்கப்படவில்லை. எனினும் தேடல் முடிவில் கூகிள் தனக்குச் சாதகமாக இடமளித்ததென்று கண்டு, 2018 பெப்ரவரியில் ஆணையம் 135.86 கோடி ரூபா தண்டம் விதித்தது. கூகிள் மேன்முறையீடு செய்தது. 2024 ஓகஸ்டில் அமெரிக்க நீதிமன்றமொன்றும் அந்நிறுவனம் தேடல் துறையில் சட்டவிரோதமாக ஏகபோகத்தைப் பேணியதெனத் தீர்ப்பளித்தது.

பொருள் படைத்தோரே வழக்காட இத்தனை ஆண்டுகள் வேண்டுமெனின், ஒட்டுசுட்டானில் இருந்துகொண்டு ஊர்வரலாறு எழுதும் இளைஞன் எந்த நீதிமன்றத்தின் படியேறுவான்? 2023 செப்டெம்பரிலும் 2024 மார்ச்சிலும் வந்த திருத்தங்களின்பின், ஒருவர் இருவராக நின்று நேர்மையாக எழுதிவந்த சிறு தளங்கள் பல தம் வாசகரில் பெரும்பங்கை இழந்ததாக முறையிட்டன. 2024இல் வேறொரு மாற்றமும் வந்தது. தேடலின் உச்சியிலேயே இயந்திரம் தொகுத்த விடை தோன்றலாயிற்று. பயணி சந்தியில் இறங்க வேண்டிய தேவையே குறைந்தது. கடைச்சரக்கின் சாரம் பஸ்ஸினுள்ளேயே பரிமாறப்படுகின்றது.

இதனால் விளைவது வணிக நட்டம் மட்டுமன்று. எமது உயர்தர வகுப்பு மாணாக்கரிடம் பண்டாரவன்னியன் குறித்து எழுதி வருமாறு ஒருமுறை பணித்தோம். பெரும்பாலோர் ஒரே பக்கத்தைப் பார்த்தெழுதி வந்தனர். "ஏன் இதனைத் தெரிந்தீர்?" என்றோம். "முதலில் வந்தது, சேர்" என்பதே விடை. 1803 ஒக்டோபர் 31இல் அவர் தோல்வியுற்றதாகக் கூறும் கல் நாட்டப்பட்ட கற்சிலைமடு, எமது பாடசாலையிலிருந்து முல்லைத்தீவு வீதியில் சென்றால் நெடுந்தூரமன்று. 1895இல் ஜே. பி. லூயிஸ் எழுதிய வன்னி மாவட்டக் கையேடு உண்டு; ஊர் முதியோரின் வாய்மொழி உண்டு. அவர் எப்போது, எங்கே இறந்தார் என்பதில் ஆய்வாளர் ஒருமித்தாரல்லர். மாணாக்கர் எவருக்கும் அக்கருத்து வேறுபாடே தெரியவில்லை. முதற்பக்கம் அதனைத் தீர்த்துவைத்துவிட்டது! நாளை விதி திருத்தப்பட்டு வேறொரு பக்கம் மேலேறின், பண்டாரவன்னியன் வேறோராண்டில் இறப்பார். வகுப்பு முழுவதும் அதனையும் எழுதி வரும்.

அன்று நாம் மாணாக்கரைக் கண்டிக்கவில்லை, வினாவை மாற்றினோம். ஒன்றோடொன்று முரண்படும் மூன்று சான்றுகளைத் தேடி வருமாறும், அவற்றுள் ஒன்றேனும் கணினியில் இல்லாததாக இருக்குமாறும் பணித்தோம். ஒரு மாணவி தன் பாட்டனாரின் சொற்களை எழுதி வந்தாள். அவற்றுள் ஆண்டே இல்லை. ஆனால் குளங்களின் பெயர்கள் இருந்தன.

செய்யத்தக்கவை கடினமானவையல்ல. நாம் எழுதுவன யாவும் யுனிகோட்டில் இருத்தல் வேண்டும். படமாக்கப்பட்ட பழைய இதழ்கட்கு எழுத்துவடிவம் அமைத்தல் வேண்டும். ஒருவர் எழுத்தை ஒருவர் சுட்டும் நன்மரபை வளர்த்தல் வேண்டும். மேற்கோள் காட்டுதல் உரையாசிரியர் காலந்தொட்டு எமக்கு அயலானதன்று. பாடசாலைதோறும், நூலகந்தோறும் தேடுபொறியின் தயவை எதிர்பாராத நூற்பட்டியல் இருத்தல் வேண்டும்.

அரசுகளிடமும் நாம் கேட்க வேண்டியது உண்டு. கைத்தொலைபேசிக்கு ஏற்ற தளங்கட்கு முன்னுரிமை தரும் திருத்தம் 2015 ஏப்ரலில் வந்தபோது, கூகிள் ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன்பே அதனை அறிவித்தது. முன்னறிவித்தல் இயலாத காரியமன்று என்பதற்கு அதுவே சான்று. ஒரு தளம் ஏன் தாழ்ந்தது என்பதற்குக் காரணம் கூறுதலும், தவறாகத் தண்டிக்கப்பட்டோர் முறையிடத் தக்க பொது அமைப்பும் சட்டத்தால் உறுதி பெறல் வேண்டும்.

வீதி மூடப்பட்ட நாள்களில் மாங்குளத்து மக்கள் காட்டுப் பாதைகளையும் குளக்கட்டுகளையும் பயன்படுத்தி ஓர் ஊரிலிருந்து மறு ஊருக்குச் சென்றனர். அப்பாதைகள் எந்த வரைபடத்திலும் இருக்கவில்லை. நடந்தவர் நினைவில் இருந்தன. நெடுஞ்சாலை மீண்டும் திறந்தபோது அவற்றை மறந்துவிட்டோர் பலர். மறவாதிருத்தல் நலம்.