சுபேதார் ராம்ஜி வீட்டு மாலைப் பாட்டு

பெருங்குடியில் ஞாயிறு மாலைகளில் மாணவர்களோடு உட்கார்ந்து வாசிக்கிறோம். வாசிப்பு முடிந்ததும் தம்பி ஒருவன் பறையை எடுப்பான். போன வாரம் அவனுடைய அம்மா வாசலில் நின்று சத்தம் போட்டார்: "அதைக் கீழே வைடா. நம்ம தாத்தன் அடிச்சது போதும்னுதானே உன்னைப் படிக்க வைக்கிறேன்."

அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பறை நம் மக்களுக்குக் கலையாக மட்டும் இருந்ததில்லை. ஊர்ச் சாவுக்குப் போய் அடித்தே ஆகவேண்டிய சாதி வேலையாகவும் இருந்தது. படிப்பா, பாட்டா என்ற பேச்சு வந்தபோது எங்களுக்கு நினைவுக்கு வந்தவர் சுபேதார் ராம்ஜி சக்பால், பாபாசாகேப் அம்பேத்கரின் தந்தை.

ராம்ஜியின் தந்தை மாலோஜியும் ராணுவத்தில் இருந்தவர். ஊர்ப் பள்ளி மகர்களை ஒதுக்கிய காலத்தில் படைமுகாமின் பள்ளி அவர்களுக்குத் திறந்திருந்தது. அந்த வழியில் படித்து வந்த ராம்ஜி, ராணுவப் பள்ளியில் 14 ஆண்டுகள் தலைமையாசிரியராக இருந்தார். மோவ் படைமுகாமில் 1891 ஏப்ரல் 14 அன்று அவருக்கு 14ஆவது பிள்ளையாகப் பிறந்தவர் பீமராவ். சில ஆண்டுகளில் ராம்ஜி ஓய்வு பெற்றார். அதே 1890களில் மகர்களைப் படையில் சேர்ப்பதையே ஆங்கில அரசு நிறுத்திவிட்டது. 1818இல் கோரேகானில் போரிட்டவர்களின் வழிவந்தோருக்குக் கிடைத்த கைம்மாறு இது.

பதவியும் ஓய்வூதியமும் தீண்டாமையைத் தடுக்கவில்லை. 1901 வாக்கில் அப்பாவைப் பார்க்கக் கிளம்பிய அவருடைய பிள்ளைகளை, மசூர் ரயில் நிலையத்தில் ஏற்றிக்கொள்ள வண்டிக்காரர்கள் மறுத்தார்கள். இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

இப்படிப்பட்ட வெளியுலகத்துக்கு எதிராக ராம்ஜி தன் வீட்டுக்குள் ஒரு பாட்டு நேரத்தை வைத்திருந்தார். அவர் கபீர் வழியைச் சேர்ந்தவர். கபீர் ஒரு நெசவாளர். சாதியையும் சடங்கையும் கேள்வி கேட்டவர். இரவு பஜனைக்குப் பிள்ளைகள் எல்லோரும் வந்தாக வேண்டும். அக்காமார் பாடிய இனிமையை அம்பேத்கர் பின்னாளிலும் மறக்கவில்லை. யாருடைய சாவுக்கும் யாரும் ஏவிய பாட்டு இல்லை அது. அவர்கள் தாங்களே தேர்ந்து, தங்களுக்காகப் பாடியது. வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது, தோழர்களே.

ராம்ஜி சொன்னதையெல்லாம் மகன் ஏற்றுக்கொள்ளவில்லை. ராமாயணத்தையும் மகாபாரதத்தையும் ஏன் படிக்கச் சொல்கிறீர்கள் என்று அப்பாவையே கேட்டார். தாழ்வு மனப்பான்மை வரக்கூடாது என்பதற்காக, துரோணரும் கர்ணனும் எளிய நிலையிலிருந்து உயர்ந்ததைப் பார் என்றார் அப்பா. அந்தப் பதில் தனக்கு நிறைவு தரவில்லை என்று 1956இல் அம்பேத்கர் எழுதினார். ஆனால் கபீரை அவர் விடவில்லை. புத்தர், கபீர், பூலே ஆகிய மூவரே தன் குருக்கள் என்றார். பிற்காலத்தில் வயலினும் கற்றுக்கொண்டார்.

இன்னொன்றையும் நாம் சொல்லியாக வேண்டும். பம்பாய் பரேலில் ஒற்றை அறையில் குடும்பம் இருந்தபோது, மகன் கேட்ட புத்தகத்துக்குக் கையில் காசு இருக்காது. ராம்ஜி மணமாகிப்போன மகள்களிடம் போவார். அவர்களிடமும் பணம் இல்லையென்றால் நகையை வாங்கி அடகு வைப்பார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுத் தருவார். பாடியது மஞ்சுளாவும் துளசியும். புத்தகத்துக்கு நகை கழற்றித் தந்ததும் அந்த வீட்டுப் பெண்கள்தான். ராம்ஜி 1913 பிப்ரவரி 2 அன்று மறைந்தார். அவரை நினைக்கும்போது அந்த மகள்களையும் சேர்த்து நினைப்பதுதான் நேர்மை.

அந்தத் தம்பியின் அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னோம். "அப்போ படிப்பை முடிச்சிட்டு அடிக்கட்டும். எந்தச் சாவுக்கும் மட்டும் போகக் கூடாது" என்றார். வரும் ஞாயிறு அவரையும், வீட்டு வேலைக்காக எப்போதும் பாதியில் எழுந்து போகும் அந்தத் தம்பியின் அக்காவையும் உட்கார வைத்துத்தான் வாசிப்பைத் தொடங்கப் போகிறோம்.

ஜெய்பீம்.