பாட்டும் பாய்மரமும்

காவிரிக் கரை மோகனூரில் 1888-இல் பிறந்தவர் நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை. 1930-இல் வேதாரண்யம் நோக்கி நடந்த உப்புச் சத்தியாக்கிரகத் தொண்டர்கள் அவர் பாட்டைப் பாடிச் சென்றனர். பாட்டு மக்களைத் திரட்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

அமெரிக்கப் பாடகர் பீட் சீகர் அவ்வழியை ஓர் ஆற்றுக்காகக் கையாண்டார். ஹட்சன் ஆறு சாக்கடையாய்க் கிடந்த காலம். கச்சேரிகளில் திரட்டிய பொருளால் 106 அடி நீளப் பாய்மரக் கப்பல் ஒன்று கட்டப்பெற்று, 1969-இல் வெள்ளோட்டம் கண்டது. பெயர் ‘கிளியர்வாட்டர்’, அதாவது தெளிநீர். கரையோர ஊர்களில் அது இசை விருந்தளித்தது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச்சென்று, வலைவீசி மீன்களை ஆராயவும், நீரிலுள்ள பிராணவாயுவை அளக்கவும் கற்பித்தது. வெறும் பாட்டோடு நின்றிருந்தால் ஆலை முதலாளிகளும் தாளம் போட்டுவிட்டுப் போயிருப்பர்! தூய நீர்ச் சட்டம் 1972-இல் வந்தது. ஆயினும், ஆலைகள் 1977 வரை கொட்டிய நச்சுப் படிந்த சேற்றைத் தோண்டும் பணி 2009-இல்தான் தொடங்கிற்று.

மோகனூருக்கு மேற்கே காவிரியில் கலக்கும் நொய்யலைக் கெடுத்தது திருப்பூர்ச் சாயக்கழிவு. பாசனத்திற்கென எழுந்த ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று. 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. வழக்குத் தொடுத்தோர் நொய்யல் பாசன உழவர்கள்; அங்கே பேசப்பட்டதும் நீரிலேறிய உப்பின் அளவே.