பெயரிடும் வேகம்: ஒரு சோதனையின் வரலாறு

நன்கு தெரிந்த நிறம், படம், எண், எழுத்து ஆகியவற்றைப் பார்த்தவுடன் அவற்றின் பெயரைச் சொல்வதற்கு ஆகும் நேரத்தைக் கொண்டு அளக்கப்படுவது பெயரிடும் வேகம் ஆகும். வாசிப்புக் குறைபாடு (டிஸ்லெக்சியா) பற்றிய ஆய்வுகளில் இதற்கு முக்கிய இடம் உண்டு.

இதன் தொடக்கம் 1886-ஆம் ஆண்டு. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பயின்ற அமெரிக்கர் ஜேம்ஸ் கேட்டல், எழுத்தையும் சொல்லையும் வாசிப்பதைவிட நிறத்துக்கும் படத்துக்கும் பெயர் சொல்ல அதிக நேரம் ஆகிறது என்று அளந்து காட்டினார். வாசிப்பு பழக்கத்தால் தானாக நிகழ்வதாகிவிடுகிறது என்பது அவர் கூறிய காரணம்.

மூளை பாதிப்பால் வாசிக்கும் திறனை இழந்த சிலர் நிறங்களின் பெயரையும் சொல்லத் தடுமாறுவதை நரம்பியல் மருத்துவர் நார்மன் கெஷ்விண்ட் 1960-களில் கவனித்தார். அப்படியானால், எழுத்து கற்கும் முன்பே ஒரு குழந்தை நிறங்களுக்குப் பெயர் சொல்லும் விதம் அதன் வாசிப்பை முன்கூட்டியே காட்டுமோ என்று எண்ணினார். அவரிடம் பயின்ற மார்த்தா டெங்க்லா 1972-இல் வாசிப்புக் குறைபாடுள்ள சிறுவர்களைச் சோதித்தார். அவர்கள் நிறங்களை அறியாதவர்கள் அல்லர். பெயர் வாய்க்கு வரத்தான் தாமதமானது. பிறகு ரீட்டா ருடெலுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய அட்டையில் ஐந்து உருப்படிகள் மாறி மாறி வரும். வரிசைக்கு பத்தாக ஐந்து வரிசை, மொத்தம் 50. பிழையைவிட வினாடிகளே இங்கு முக்கியம். வாசிப்புக் குறைபாடுள்ளோர் மற்ற கற்றல் குறைபாடுள்ளோரைவிடவும் மெதுவாக இருந்தனர் என்பது 1976-இல் வெளியான முடிவு.

கவனக்குறைபாடு வேறு கதை. ரோஸ்மேரி டானக் குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், கவனக்குறைபாடுள்ள குழந்தைகள் நிறங்களுக்குப் பெயரிடுவதில் பின்தங்கினர். எழுத்திலும் எண்ணிலும் பின்தங்கியவர்கள், அதனுடன் வாசிப்புக் குறைபாடும் சேர்ந்திருந்தவர்களே. கவனத்துக்கான மருந்து நிறம் சொல்லும் வேகத்தைக் கூட்டியது; எழுத்து, எண் வேகத்தை மாற்றவில்லை. இரண்டு பிள்ளைகளையும் ஒரே பெயரில் "மக்கு" என்று ஒதுக்கும் வகுப்பறைக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

இந்த அட்டையை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர முடியாது. எங்கள் விருத்தாசலம் பக்கம் நீலத்தை "ஊதா" என்று சொல்லும் வீடுகள் பல. பீங்கான் பொம்மையில் நீல வண்ணம் பூசியிருந்தாலும் அது ஊதா பொம்மைதான். நீலமா ஊதாவா என்று யோசித்து நிற்கும் பிள்ளைக்கு வினாடிகள் கூடும். அது குறைபாடு ஆகாது. எண்களிலும் "ஒன்று" என்பதா "ஒண்ணு" என்பதா என்ற தயக்கம் உண்டு. எனவே எந்தச் சொல்லை ஏற்பது என்பதைச் சோதனைக்கு முன்பே பிள்ளையிடம் கேட்டு முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இந்திய மொழிகளுக்கென மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் "டாலி" என்ற வாசிப்புக் குறைபாட்டுச் சோதனைத் தொகுப்பை 2015-இல் வெளியிட்டது. அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறாத கற்றல் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்தது.