எடையை எழுதினோம், படித்தோமா?



போன வாரம் பேத்திக்குச் சளி என்று இங்கே கொரட்டூரில் குழந்தைகள் டாக்டரிடம் போயிருந்தோம். நர்ஸ் உயரமும் எடையும் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார. அவள் பிறந்ததிலிருந்து அங்கே பார்த்த எடையெல்லாம் ஒரே கோடாக நின்றது. ஆறு வயதுவரை சீராக வந்த கோடு, பிறகு செங்குத்தாக ஏறியிருந்தது. "சளி நாலு நாள்ல போயிடும்மா. இதைப் பாருங்க" என்றார்.

முப்பத்து நாலு வருடம் இடைநிலை ஆசிரியையாக இருந்தவள் நான். எத்தனை பிள்ளைகளின் எடையை எழுதியிருப்பேன்! இப்படி ஒரு கோட்டை நான் பார்த்ததே இல்லை.

நம் மாநிலத்தில் பிள்ளைகளை எடை பார்த்த வரலாறு, மெலிவைத் தேடிய வரலாறுதான். 1956-ல் காமராஜர் மதிய உணவு தந்தபோதும், 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தபோதும் கவலை ஒன்றுதான்: பிள்ளையின் பசி. இடையில், 1980-ல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரை உள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை பார்த்து, அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தார்கள். எடை ஏறாத பிள்ளைக்குச் சத்துருண்டை, தேறியதும் நிறுத்திவிடுவார்கள். எழுதிய எடையை அங்கேயே படித்தார்கள். அதுதான் அந்தத் திட்டத்தின் சிறப்பு.

நான் வேலை பார்த்த பள்ளியில் கோடு கிடையாது. வருடத்துக்கு ஒரு எண். மறுவருடம் புது நோட்டு. தராசு பழுதானால், போன வருட எடையோடு இரண்டு கிலோ கூட்டி எழுதியதும் உண்டு. ஒப்புக்கொள்கிறேன்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன். "வாடா பீமா" என்பேன், வகுப்பே சிரிக்கும். விளையாட்டுப் பீரியடில் ஓரமாக உட்கார்ந்திருப்பான். சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லாத வீட்டுப் பிள்ளை என்று விட்டுவிட்டேன். சில வருடம் முன் ரயில் நிலையத்தில் பார்த்து, அதே மரியாதையோடு பேசினான். முப்பது வயதுதான், சர்க்கரைக்கு ஊசி போடுவதாகச் சொன்னான். எடைதான் காரணம் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்த நோட்டில் ஐந்து வருட எடை இருந்தது. ஒருநாளும் சேர்த்துப் படிக்கவில்லை.

எடையை மட்டும் பார்த்தாலும் போதாது. 125 சென்டிமீட்டர் உயரம், 30 கிலோ என்றால் பி.எம்.ஐ. 19.2. பெரியவர்களுக்கு அது சரியான அளவு. எட்டு வயதுப் பிள்ளைக்கு அதிகம். அதனால்தான் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015-ல் 5 முதல் 18 வயதுவரைக்குத் திருத்திய வளர்ச்சி வரைபடம் வெளியிட்டது. வயதுக்கு வயது கோடு மாறும். மனக்கணக்கில் முடியாததைக் கம்ப்யூட்டர் நொடியில் காட்டிவிடுகிறது.

இன்று அரசுப் பள்ளிகளில் உயரமும் எடையும் எமிஸில் ஏறுகின்றன. பிள்ளை பள்ளி மாறினாலும் அதன் எண் மாறாது. எங்களுக்குக் கிடைக்காத வசதி. ஆனால் ஏற்றுவதோடு வேலை முடிந்தது என்று நினைத்தால், அதுவும் என் பழைய நோட்டுதான்.

டாக்டர் பேத்தியைப் பட்டினி போடச் சொல்லவில்லை. "எடை இப்படியே நிக்கட்டும், உயரம் வளரட்டும். தினம் ஒரு மணி நேரம் ஓடி விளையாடட்டும்" என்றார். பிஸ்கட் டப்பாவும் பாக்கெட் ஜூஸும் வாங்கி வைத்த பாட்டி தலைகுனிந்து கேட்டுக்கொண்டேன்.

பெற்றோரே, தடுப்பூசி அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த முறை டாக்டரிடம் போனால், "கோடு எப்படிப் போகுது?" என்று கேளுங்கள். ஆசிரியத் தம்பி தங்கைகளே, எந்தப் பிள்ளையையும் பீமா என்று கூப்பிடாதீர்கள்.