மூலவடிவம் இல்லாத வண்டிகள்

அமெரிக்காவில் வசிக்கும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் சில புகைப்படங்களை அனுப்பியிருந்தார். அவருடைய ஊரில் நடந்த வாகனக் கண்காட்சியில் எடுத்தவை. படத்தில் இருந்தது ஒரு பழைய செவர்லே பிக்கப். 1947 முதல் 1955 தொடக்கம் வரை வெளிவந்த 3100 என்னும் வகை. உருண்ட மூக்கு, முகப்பில் கிடையாக ஐந்து பட்டைகள், பின்னால் மரப்பலகை பாவிய தளம். பிறந்தபோது அதனுள் இருந்தது மூன்றரை லிட்டர் எஞ்சின், 90 குதிரைத்திறன். இப்போது அதே நிறுவனத்தின் 6.2 லிட்டர் எல்எஸ்3 எஞ்சினைப் பொருத்தியிருக்கிறார்கள், 430 குதிரைத்திறன். டிஸ்க் பிரேக், பவர் ஸ்டியரிங், குளிர்சாதனம் எல்லாம் உண்டு. ஆனால் வெளியே, 70 ஆண்டு வெயில் தின்று வெளுத்த நீலத்தை அப்படியே விட்டு, அதன்மேல் நிறமற்ற பூச்சு ஒன்றைப் பூசியிருந்தார்கள். துருவுக்குக்கூடப் பாதுகாப்பு. 'நம் ஊரில் இப்படி யாராவது செய்கிறார்களா?' என்று நண்பர் கேட்டிருந்தார்.

ஓரிரு வரிகளில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுத்த வாரமே ஓர் உறவினர் வீட்டு விசேஷத்திற்காக எருமப்பட்டிக்குப் போக நேர்ந்தது. நாமக்கல்லுக்குக் கிழக்கே, கொல்லிமலை கண்ணெதிரே நிற்கும் மானாவாரிச் சமவெளியில் இருக்கிறது அந்த ஊர். நாமக்கல்லைத் தாண்டிப் போகிறவர் யாரும் அந்தக் காட்சியைத் தவறவிட முடியாது: சாலையோரப் பட்டறைகளில் வரிசையாக நிற்கும் தலையற்ற லாரிகள். எஞ்சின், முகப்பு, சேசிஸ், சக்கரம் மட்டுமே தொழிற்சாலையிலிருந்து வரும். ஓட்டி வருகிறவர் தற்காலிக இருக்கையில் உட்கார்ந்து, தலையிலும் முகத்திலும் துண்டைச் சுற்றிக்கொண்டு, காற்றையும் மழையையும் நேராக வாங்கியபடி வந்து சேர்வார். அதற்கு உடம்பு கொடுப்பது நாமக்கல்லின் வேலை. 'பாடி கட்டுவது' என்பார்கள். வீடு கட்டுவது, கூடு கட்டுவது, தாலி கட்டுவது போல லாரிக்கும் 'கட்டு' என்ற வினைதான் வாய்த்திருக்கிறது.

நண்பரின் கேள்விக்கு விடை இந்த வினைச்சொல்லில் இருக்கிறது என்று தோன்றியது.

கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்கலாம். இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோல் கிடைக்காமல் சென்னை மாகாணத்துப் பேருந்துகள் கரிவாயுவில் ஓடின. வண்டியோடு இணைத்த கொதிகலம் போன்ற உருளையில் அடுப்புக்கரியை எரித்து, அந்த வாயுவை எஞ்சினுக்குள் செலுத்தினார்கள். மேட்டில் திணறும்; பயணிகள் இறங்கித் தள்ளுவார்கள். போர் முடிந்ததும் இராணுவம் கழித்துவிட்ட அமெரிக்க லாரிகள் ஏலத்திற்கு வந்தன. பெட்ரோலை அவை குடித்த விதத்தில் வாடகை வண்டி நடத்துபவருக்குக் கட்டுப்படியாகவில்லை. அதற்கு மருந்தாக வந்தது டீசல். பிரிட்டனின் பெர்க்கின்ஸ் நிறுவனம் போருக்கு முன்பே உருவாக்கிய 'பி6' என்ற ஆறு சிலிண்டர் எஞ்சினின் தனிச்சிறப்பு, பெட்ரோல் லாரிகளின் எஞ்சினைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பொருத்தலாம் என்பதே. 1950களில் சென்னை செம்பியத்தில் சிம்ப்ஸன் நிறுவனம் பெர்க்கின்ஸ் எஞ்சின்களைத் தயாரிக்கத் தொடங்கியது. 1840இல் சென்னையில் குதிரை வண்டிகள் கட்டுவதற்காகத் தொடங்கப்பட்ட நிறுவனம் அது என்பது இங்கே நினைவுகூரத்தக்கது.

ஆக, பழைய அமெரிக்கச் சட்டகம், புதிய டீசல் எஞ்சின், உள்ளூர்த் தச்சர் அடித்த உடம்பு. இன்று அமெரிக்கச் செல்வந்தர்கள் பொழுதுபோக்காகச் செய்வதை நாம் அன்றே செய்துவிட்டோம், வயிற்றுப்பாட்டுக்காக. இதில் பெருமைப்பட எதுவும் இல்லை. வேறு வழி இருக்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு இந்தியாவிலேயே லாரிகள் உருவாகின. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், லேலண்டுடன் கைகோத்து காமெட் லாரிகளை எண்ணூரில் இணைத்துத் தந்து, 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. 1954இல் டாட்டா, மெர்சிடிஸ் பென்ஸுடன் சேர்ந்தது. பம்பாயில் பிரீமியர் நிறுவனம் டாட்ஜ், ஃபார்கோ லாரிகளைக் கட்டியது. ஆனால் சேசிஸ் ஓரிடம், உடம்பு ஓரிடம் என்ற பழக்கம் மட்டும் மாறவே இல்லை. மழையை நம்பி வாழ முடியாத சேலம், நாமக்கல் சமவெளிக்காரர்கள், ஊர் நடுவே போகும் காசி–கன்னியாகுமரி நெடுஞ்சாலையை நம்பினார்கள். நிலத்தை விற்றும் பங்கு சேர்ந்தும் லாரி வாங்கினார்கள். நாமக்கல்லில் பட்டறைகள் பெருகின. எரிவாயு டேங்கர்கள் பெருகின. பக்கத்துத் திருச்செங்கோட்டிலோ லாரியின் முதுகில் துளையிடும் இயந்திரத்தை ஏற்றி, நாடு முழுவதும் ஆழ்குழாய்க் கிணறு தோண்டப் போனார்கள்.

ஒரு பட்டறையில் எத்தனை கைகள்! மரச்சட்டம் அடிக்கும் ஆசாரி, வெல்டர், தகரத்தைத் தட்டி வளைக்கும் டிங்கர், இருக்கை தைப்பவர், வயரிங் பார்ப்பவர், கடைசியில் பெயிண்டர். கேபினுக்குள் ஓட்டுநர் படுக்க எவ்வளவு நீளம், சாமி படத்துக்கு எங்கே மாடம், ஸ்டவ் வைக்க எங்கே பெட்டி என்பதெல்லாம் ஓட்டப்போகிறவரைக் கேட்டு முடிவாகும். நெற்றியில் குலதெய்வத்தின் பெயர், பின்பலகையில் தாமரையோ மயிலோ. இவற்றில் எதற்கும் வரைபடம் கிடையாது, மேஸ்திரியின் கண்ணளவுதான்.

நம் இலக்கியம் வண்டியை மறந்ததில்லை. உமணர் தம் உப்புவண்டியின் அடியில் மாற்றுக்கென்று கட்டி எடுத்துப்போகும் சேம அச்சை, அதியமான் மகன் பொகுட்டெழினிக்கு உவமையாக்கியிருக்கிறார் ஔவையார் (புறநானூறு 102). இன்று ஸ்டெப்னி என்கிறோமே, அதன் மூதாதை. அச்சு முறிந்தால் மாற்றிக்கொண்டு போவதே வண்டியின் இயல்பு என்பதை அறிந்த மனம் அது. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தபோது, தேரின் பழமை கெட்டது என்று யாரும் சொல்லவில்லை.

சட்டத்தின் மனம் வேறு. 2021 ஜூலையில் மத்திய அரசு, பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனிப் பதிவுமுறை ஒன்றை அறிவித்தது. 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். மூலவடிவத்தில் இருக்க வேண்டும். சேசிஸ், உடல், எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் கூடாது. சொந்த உபயோகத்திற்கான இருசக்கர வாகனமாகவோ காராகவோ இருக்க வேண்டும். மகாராஜாவின் ரோல்ஸ் ராய்ஸுக்கு இடம் உண்டு. உழைத்த லாரிக்கு இருமுறை கதவடைப்பு: சரக்கு ஏற்றியது ஒரு குற்றம், மாறிக்கொண்டே பிழைத்தது இன்னொன்று. மூலவடிவம் என்று எதைச் சொல்வது? எண்ணூரிலிருந்து வெளிவந்தபோது அதற்கு உடம்பே இல்லை.

இனி மாற்றிக் கட்டுவதற்கும் வழி குறுகிவிட்டது. தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு முரணாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. லாரி உடலுக்குத் தரவிதிகள் வந்துவிட்டன. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்குக் குளிர்சாதனம் கட்டாயம். இவற்றைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. மோதலில் மரக்கேபின் ஓட்டுநரைக் காப்பாற்றாது. மே மாதத்தில் எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டியவர்களுக்கே அந்த வேதனை தெரியும். ஆனால் முழுக் கேபினோடு தொழிற்சாலையிலிருந்தே லாரி இறங்கும்போது, கண்ணளவு தெரிந்த மேஸ்திரிக்கு மிஞ்சுவது பின்தொட்டி மட்டுமே. அவர் கட்டிய பழைய வண்டிகளோ உடைப்புக்குப் போகின்றன. ஒரு காமெட்டையாவது அதன் உள்ளூர் உடம்போடு நிறுத்திவைக்க நாமக்கல்லில் ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்று சொன்னால், 'இரும்பு கிலோ என்ன விலை தெரியுமா?' என்று கேட்பார்கள்.

விசேஷ வீட்டில் சாப்பாடு முடிந்து தோட்டத்துப் பக்கம் நடந்தேன. மாட்டுக்கொட்டகைக்குக் கதவாக ஒரு லாரியின் பின்பலகை நின்றது. ஒவ்வொரு எப்.சி.க்கும் வண்டிக்குப் புதிதாக வண்ணம் அடிப்பது வழக்கமல்லவா. பெயர்ந்த இடத்தில் பூச்சுகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. மேலே பழுப்பு, அதற்கடியில் பச்சை, அதற்கும் அடியில் மஞ்சள். நகத்தால் சற்றே சுரண்டினேன். மஞ்சளுக்குக் கீழே தாமரை இதழ் ஒன்றின் சிவப்பு விளிம்பு.

"அதை ஏன் சுரண்டறீங்க? பொங்கலுக்குப் பெயிண்ட் அடிக்கத்தான் போறோம்" என்றார் உறவினர்.